ஜெர்மனுக்கு அடியில் தமிழை எழுதுங்கள்: காமிக்ஸ், கதைப் புத்தகம், தொலைக்காட்சி வழியே ஜெர்மன் கற்க முழுமையான வழிகாட்டி

நான் கையில் எடுத்த முதல் ஜெர்மன் புத்தகம் காஃப்காவின் 'டி ஃபெர்வான்ட்லுங்' ('உருமாற்றம்'). 1915-இல் வெளிவந்த நெடுங்கதை. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஒல்லியாக இருந்தது. பதினொரு நாட்களில் மூன்று பக்கம் நகர்ந்தேன். மூன்றிலும் பென்சில் கோடுகள், கோட்டுக்கு மேல் பொடி எழுத்தில் ஆங்கிலப் பொருள். பன்னிரண்டாம் நாள் அதை அலமாரியில் செருகிவிட்டு, யாரோ தந்திருந்த பழைய டொனால்ட் டக் காமிக்ஸைப் புரட்டினேன். வாத்து தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. தலைக்கு மேல் ஒரே சொல்: 'ஸோய்ஃப்ட்ஸ்'. பெருமூச்சு விடுகிறதாம். அகராதியைத் தொடவே இல்லை.

நான் செய்த தவறுகள் இரண்டு. வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது ஒன்று. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும். மற்றது விலை அதிகம்: ஜெர்மனையும் தமிழையும் நேருக்கு நேர் நிறுத்தாமல், நடுவில் ஆங்கிலத்தைத் தரகராக உட்கார வைத்திருந்தேன். நமக்கு ஜெர்மன் சொல்லித்தரும் புத்தகங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கில வழியாகத்தான் வருகின்றன; அதனால் இந்தத் தவறு தவறாகவே தெரிவதில்லை. தரகரை எழுப்பிவிட்டால் பல இடங்களில் ஜெர்மன் எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு முன்குறிப்பு. ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலி ஏறத்தாழத்தான் வரும். சரியான ஒலியைக் காதால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒன்றுமே தெரியாமல் ஜெர்மன் காமிக்ஸைத் திறப்பதில் பயன் இல்லை. மொழித்திறனை ஏ1, ஏ2, பி1 என்று ஏறுவரிசையில் அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில், இரண்டாம் படியான ஏ2 நிலையில் பாதி தூரமாவது போயிருக்க வேண்டும்: நிகழ்கால வினை விகுதிகள், 'ஹாபென்', 'ஸைன்' என்ற இரு துணைவினைகளைக் கொண்டு அமையும் பேச்சு இறந்தகாலம், 'டெர், டி, டாஸ்' என்ற மூன்று சுட்டுகள், எண்கள். இதுவும் இன்னும் வரவில்லை என்றால், ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தரும் 'நிகோஸ் வேக்' தொடரை முதலில் பாருங்கள். ஏ1-இலிருந்து பி1 வரை ஒரே கதையாக நகரும் பாடம் அது. ஏ2 பகுதியில் பாதி முடிந்ததும் இங்கே திரும்பி வரலாம். முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அசல் நூல்களைத் தொடுவேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் இன்னும் பாடத்தில்தான் இருக்கிறார்கள்.

பொருள்களில் தேவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு நல்ல அகராதி. டூடன் அகராதி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஜெர்மன் சொல்லுக்கு ஜெர்மனிலேயே பொருள் சொல்லும், சுட்டையும் பன்மையையும் தெளிவாகக் காட்டும். தொடக்கத்தில் இருமொழி அகராதி இல்லாமல் முடியாது. அது ஆங்கில வழியாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. ஆனால் பொருள் புரிந்த உடனே நோட்டில் எழுதுவது தமிழாக இருக்கட்டும்.

தமிழ் எங்கே கைகொடுக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற படிகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

'மியர் இஸ்ட் கால்ட்'. எனக்குக் குளிர்கிறது. 'மியர்' என்றால் 'எனக்கு'. ஆங்கிலத்தின் 'நான் குளிராக இருக்கிறேன்' என்ற கட்டமைப்பை மனதில் வைத்து 'இஷ் பின் கால்ட்' என்று சொன்னால், நான் ஈரமில்லாத மனம் படைத்தவன் என்றோ, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றோ ஆகிவிடும். 'எஸ் கெஃபெல்ட் மியர்': எனக்கு அது பிடித்திருக்கிறது. 'மியர் இஸ்ட் லாங்வைலிஷ்': எனக்கு அலுப்பாக இருக்கிறது. உணர்வு யாருக்கு நேர்கிறதோ அவரை நான்காம் வேற்றுமையில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஜெர்மன் இலக்கணப் புத்தகங்கள் இதை 'டாட்டிவ்' என்று பெயரிட்டு, விதிவிலக்குப் பட்டியலாக நீட்டி பயமுறுத்தும். பட்டியலை விடுங்கள், 'எனக்கு' என்று சொல்லிப் பாருங்கள், பாதி தானாக வந்துவிடும்.

அடுத்தது வினைச்சொல் கடைசியில் வருவது. 'அவன் நாளை வருகிறான் என்று எனக்குத் தெரியும்' என்பதன் ஜெர்மனில் உட்பகுதி மட்டும் இப்படி இருக்கும்: 'ஏர் மோர்கன் கோம்ட்'. அவன், நாளை, வருகிறான். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 'என்று', 'ஆனதால்', 'ஆனால்கூட' என்று நாம் கோக்கும் கிளை வாக்கியங்களில் அது பத்திரமாகக் கடைசியில் காத்திருக்கும். ஆங்கிலம் வழியே படிப்பவர் அந்தக் கடைசி வினைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாம் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 'டோக்' என்று ஒரு சின்ன இடைச்சொல். அகராதியில் தேடினால் பத்துப் பொருள் கொட்டும், ஒன்றும் ஒட்டாது. 'கோம் டோக்' என்றால் 'வாயேன்'. 'டாஸ் வைஸ்ட் டு டோக்' என்றால் 'உனக்குத்தான் தெரியுமே'. நம் ஏகாரம். அவ்வளவுதான். 'ஏர்ஸ்ட்' என்பதும் அப்படியே: 'எஸ் இஸ்ட் ஏர்ஸ்ட் ஃப்யூன்ஃப்', மணி ஐந்துதான் ஆகிறது. 'ஷோன் ஃப்யூன்ஃப்?' என்று கேட்டால், அதற்குள் ஐந்தா? இந்த இடைச்சொற்களை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவைப்படும். தமிழில் ஓர் எழுத்தோ ஒரு சொல்லோ போதும்.

நீ, நீங்கள் வேறுபாடு 'டு', 'ஸீ' என்று அப்படியே இருக்கிறது. நீண்ட கூட்டுச் சொற்களும் நமக்குப் புதிதல்ல. 'ஹான்ட்ஷூ' என்றால் கைக்குப் போடும் ஷூ, அதாவது கையுறை. 'ஆர்பைட்ஸ்ட்ஸிம்மர்' என்பது 'ஆர்பைட்' என்ற வேலையும் 'ட்ஸிம்மர்' என்ற அறையும் சேர்ந்தது; இடையில் ஒட்டியிருக்கும் 'ஸ்' என்ன என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். புளி, மரம் இரண்டும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியமரம் ஆகிறதே, அந்தச் சாரியைதான் இது. கூட்டுச் சொல்லை எப்போதும் வால் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். கடைசித் துண்டுதான் பொருளையும் சுட்டையும் முடிவு செய்யும்.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு: பாற்பாகுபாடு. நமக்கு மேசை, கதவு, ஜன்னல் எல்லாம் 'அது'. ஜெர்மனில் மேசை ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. இதில் ஓர் ஆறுதல், 'டாஸ் கின்ட்': குழந்தை அஃறிணையில் நிற்கிறது. 'குழந்தை சிரித்தது' என்று நாமும்தானே சொல்கிறோம். மற்றதற்கெல்லாம் விகுதிகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் 'டி'. 'ஷென்', 'லைன்' என்று சிறுமை விகுதி வந்தால் 'டாஸ்'. மீதியைச் சுட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

முதல் படி: காமிக்ஸ்

ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இதற்குக் கொடுங்கள். காமிக்ஸ் குழந்தைகளுக்கானது என்பதால் முதலில் வைக்கவில்லை. அதில் இருப்பது முழுக்கப் பேச்சு; யார், யாரிடம், என்ன முகத்தோடு சொல்கிறார்கள் என்பதைப் படம் காட்டிவிடுகிறது. நாவலில் இந்த வசதி கிடையாது.

சொல்லே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 'ஃபாட்டர் உன்ட் ஸோன்', தந்தையும் மகனும். 1934-இலிருந்து 1937 வரை ஒரு பெர்லின் வார இதழில் வந்த படக்கதைகள். வரைந்தவர் ஏரிஷ் ஓஸர். முன்பு நாஜிகளைக் கேலி செய்து வரைந்ததால் சொந்தப் பெயரில் வேலை செய்ய முடியாமல், 'ஏ. ஓ. பிளாவென்' என்ற புனைபெயரில் வரைந்தார்; பின்னால் 1944-இல் காவலில் இறந்தார். ஒவ்வொரு கதையும் சில கட்டங்கள்தான். கட்டத்துக்கு ஒரு ஜெர்மன் வாக்கியம் நீங்களே எழுதுங்கள். 'தந்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.' 'மகன் அழுகிறான்.' இரண்டாம் கதையிலேயே எந்தெந்த வினைச்சொல் உங்களிடம் இல்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். ஜெர்மன் வகுப்புகளில் இந்தக் கதைகளை இன்றும் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

அடுத்து வாத்து. ஜெர்மனியில் 'மிக்கி மவுஸ்' இதழ் 1951-இல் தொடங்கியது. அதன் மொழிபெயர்ப்பாளர் ஏரிக்கா ஃபுக்ஸ் ஜெர்மன் மொழிக்கே ஒரு வினை வடிவத்தைப் பழக்கிவிட்டவர். வினைச்சொல்லின் விகுதியைக் கழற்றிவிட்டு வேரை மட்டும் குமிழுக்குள் வைப்பார்: பெருமூச்சுக்கு 'ஸோய்ஃப்ட்ஸ்', யோசனைக்கு 'க்ரூபெல்', முனகலுக்கு 'ஷ்டோன்'. இதற்கு அவர் பெயராலேயே 'எரிக்காட்டிஃப்' என்று விளையாட்டுப் பெயர் நிலைத்துவிட்டது. அவர் வாழ்ந்த ஷ்வார்ட்ஸன்பாக் என்ற சிற்றூரில் 2015-இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். இன்று இளைஞர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் இந்த வேர்ச்சொற்கள் உலவுகின்றன. பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

கையடக்கமாக வேண்டுமென்றால் 'லுஸ்டிகெஸ் டாஷென்பூக்'. 1967-இலிருந்து வருகிறது. கதைகளில் பெரும்பாலானவை இத்தாலியில் பிறந்தவை என்பதால் இவை அசல் ஜெர்மன் இல்லை என்று மூக்கைச் சுருக்குபவர்கள் உண்டு. ஜெர்மன் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வளர்ந்த மொழி அது. எனக்கு அது போதும். ஜெர்மனியிலேயே பிறந்ததுதான் வேண்டுமென்றால், 1955-இல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்கிய 'மோஸாயிக்'. அதில் எழுத்து அதிகம், வரலாறு அதிகம். இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டெரிக்ஸைத் தள்ளிப்போடுங்கள். சொல் விளையாட்டும் உள்குத்தும் நிறைந்தது. புரியாத நகைச்சுவையைப் போல மனதைச் சோரவைப்பது வேறொன்றில்லை.

படிக்கும் முறை: கதையை முதலில் நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். கோடு போடாதீர்கள். இரண்டாம் முறை, கதை தடைப்பட்ட இடங்களில் மட்டும் சொல்லைப் பாருங்கள். மூன்றாம் முறை வாய்விட்டு, நடிப்போடு படியுங்கள். பல காமிக்ஸ்களில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாகவே இருக்கும். ஜெர்மனில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும் என்ற வசதி அங்கே தொலைந்துவிடுவதால், எது பெயர், எது வினை என்பதைச் சுட்டை வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். நல்ல பயிற்சிதான், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

இரண்டாம் படி: முதல் கதைப் புத்தகம்

காமிக்ஸிலிருந்து கதைக்கு வரும்போது ஒரு சுவர் வரும். அதன் பெயர் 'ப்ரேட்டெரிட்டும்', எழுத்து இறந்தகாலம். பேச்சில் 'நான் போயிருக்கிறேன்' என்ற கட்டமைப்பில் கடந்தகாலத்தைச் சொல்லும் ஜெர்மன், கதை சொல்லும்போது வேறு வடிவத்துக்கு மாறிவிடும். 'கேயென்' என்ற போதல் 'கிங்' ஆகும். 'கோம்மென்' என்ற வருதல் 'காம்' ஆகும். இதை மூன்று நாட்களில் தாண்டலாம். மிக அதிகம் வரும் முப்பது வினைகளின் எழுத்து இறந்தகாலத்தை ஒரே தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக வையுங்கள். இருபதாம் பக்கத்தில் அந்தத் தாளைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பீர்கள்.

அடுத்த சிக்கல் பிரிந்து நிற்கும் வினை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள், நானே எழுதியது: 'ஏர் ஷ்டான்ட் அவுஃப், மாக்டெ டாஸ் ஃபென்ஸ்டர் ட்ஸூ உன்ட் ஸாக்டெ, ஏர் ஸை ம்யூடெ.' அகராதியில் 'ஷ்டான்ட்' என்று தேடினால் 'நிலை' என்ற பெயர்ச்சொல் வரும். 'மாக்டெ'யைத் தேடினால் 'செய்தான்'. ஜன்னலைச் செய்தானா, தச்சரா இவர்? தவறு எங்கே என்றால், வினையின் தலை தனியே கழன்று பின்னால் கிடக்கிறது. 'அவுஃப்' என்பதை 'ஷ்டேயென்' உடன் சேர்த்தால் எழுந்திருத்தல். 'ட்ஸூ'வை 'மாகென்' உடன் சேர்த்தால் மூடுதல். ஆகவே வினை ஒட்டவில்லை என்று பட்டால் முற்றுப்புள்ளியையோ அடுத்த காற்புள்ளியையோ நோக்கிக் கண்ணை ஓட்டி, அநாதையாக நிற்கும் சின்னச் சொல்லை எடுத்து முன்னால் ஒட்டிவிட்டுப் பிறகு அகராதிக்குப் போங்கள்.

இதே வாக்கியத்தின் கடைசித் துண்டு, 'ஏர் ஸை ம்யூடெ', இன்னொரு புதையல். 'இஸ்ட்' என்று வர வேண்டிய இடத்தில் ஏன் 'ஸை'? பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வடிவம் அது. தமிழில் நோட்டில் எழுதினால் ஓர் எழுத்துதான் கூடும்: களைப்பாக இருக்கிறதாம். நம் 'ஆம்' விகுதி! ஒரே எச்சரிக்கை: நாம் 'ஆம்' போடும்போது பல சமயம் லேசாக உதட்டைப் பிதுக்குகிறோம். ஜெர்மன் செய்தியாளர் 'ஸை' என்னும்போது பிதுக்குவதில்லை. 'இது அவர் கூற்று, என் கூற்று அல்ல' என்று விலகி நிற்கிறார், அவ்வளவே.

எந்தப் புத்தகம்? சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷன் போன்றோரின் கணக்குப்படி, துணையில்லாமல் வசதியாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். முதல் புத்தகத்திலேயே அந்த வசதி கிடைக்காது. பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தெரியாத சொல் வரை பொறுத்துக்கொள்ளலாம், இருபது என்றால் மூடிவையுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். முதல் பக்கத்தை நம்பாதீர்கள், அது எப்போதும் அலங்காரமாக இருக்கும்.

பேட்டர் பிக்ஸெல் என்ற சுவிஸ் எழுத்தாளரின் 'கின்டர்கெஷிஷ்டென்' (1969) என் முதல் பரிந்துரை. அதில் மேசைக்கு மேசை என்றே ஏன் பெயர் இருக்க வேண்டும் என்று சலித்துப்போய், எல்லாப் பொருளுக்கும் பெயரை மாற்றிக்கொள்ளும் ஒரு முதியவரின் கதை வருகிறது. குட்டி குட்டி வாக்கியங்கள், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் நெஞ்சில் ஏதோ அடைக்கும். மொழி கற்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான கதையை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லரின் 'டெர் ரோய்பர் ஹோட்ஸன்ப்ளோட்ஸ்' (1962), பாட்டியின் காபி அரைக்கும் இயந்திரத்தைத் திருடும் கொள்ளைக்காரன் கதை. ஏரிஷ் கெஸ்ட்னரின் 'எமில் உன்ட் டி டிடெக்டிவெ' (1929) துள்ளலாக இருக்கும். அக்காலத்துச் சிறுவர் பேச்சு சில இடங்களில் இடறும். பி1 தாண்டியபின் மிஷாயெல் என்டெயின் 'மோமோ' (1973), பதினான்கு வயதுப் பையன் தன் வாயாலேயே சொல்லும் வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃபின் 'ச்சிக்' (2010). கடைசியாகச் சொன்னதில் இன்றைய பேச்சு மொழி அள்ள அள்ளக் கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. க்ரிம் சகோதரர்களின் நாட்டுப்புறக் கதைகள் தெரிந்த கதைகள் என்பதால் எளிது என்று நினைப்பார்கள். மொழி இருநூறு வயதானது. டானியெல் கேல்மனின் 'டி ஃபெர்மெஸ்ஸுங் டெர் வெல்ட்' (2005) அருமையான நாவல், ஆனால் உரையாடல் முழுவதையும் மேலே சொன்ன 'ஆம்' வடிவத்திலேயே எழுதியிருக்கிறார். அந்த வடிவம் கைவந்த பிறகு படித்தால் விருந்து. முன்பே படித்தால் தண்டனை.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்: ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் கோத்தே நிறுவனம் பல நாடுகளில் 'ஓன்லைஹெ' என்ற மின்னூலகத்தை நடத்துகிறது, பதிவு செய்தால் இலவசமாக இரவல் வாங்கலாம். உரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களை ப்ரோயெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் படிக்கலாம். ஒலிப்புத்தகமும் கிடைக்கும் நூலையே முதலில் எடுங்கள். ஓர் அத்தியாயம் படித்த அன்றே அதைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: தொலைக்காட்சி

இதைப் புத்தகம் முடியும்வரை தள்ளிவைக்க வேண்டாம். காமிக்ஸின் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

முதலில் எலி. 'டி ஸென்டுங் மிட் டெர் மவுஸ்', 1971-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் குழந்தைகள் நிகழ்ச்சி. நிகழ்ச்சியின் முன்னுரையை ஜெர்மனில் ஒருமுறை சொல்லிவிட்டு, அதையே வேறு ஏதாவது ஒரு மொழியில் திரும்பச் சொல்வார்கள். பிறகு 'இது இன்ன மொழி' என்று ஒரு குரல் அறிவிக்கும். ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று காட்டும் பகுதிகள்தான் நமக்குத் தங்கம். கை ஒரு வேலையைச் செய்யும் அதே நொடியில் குரல் அந்த வேலையைச் சொல்கிறது. பின்னணி இசை குறைவு, அவசரம் இல்லை. மூன்று நிமிடப் பகுதி ஒன்றை எடுத்து, வசன வரி இல்லாமல் ஒருமுறை, ஜெர்மன் வசன வரியோடு ஒருமுறை, மறுபடி இல்லாமல் ஒருமுறை பாருங்கள். தமிழ் வசன வரியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். கண் தெரிந்த எழுத்தைப் படித்துவிட்டால் காது தூங்கப் போய்விடும்.

அடுத்து செய்தி. கிகா அலைவரிசையில் வரும் 'லோகோ' சிறுவர்களுக்கான செய்தி, 1989-இல் தொடங்கியது, பத்து நிமிட அளவு. தேர்தல் என்றால் என்ன, வரி என்றால் என்ன என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவார்கள். அது பழகியதும் 'டாகஸ்ஷௌ' செய்தியின் எளிய மொழிப் பதிப்பு, 2024-இலிருந்து வருகிறது. டாய்ச்சே வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்திகளும் உண்டு, எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். வேகம் குறைவே தவிர மொழி முழு எடையோடு இருக்கும். 'மெதுவாக' என்பதை 'எளிதாக' என்று நினைத்து ஏமாற வேண்டாம். கடைசியில் உண்மையான டாகஸ்ஷௌ. 1952-இலிருந்து ஒளிபரப்பாகிறது, இரவு எட்டு மணிக்குப் பதினைந்து நிமிடம். ஜெர்மனியில் இரவுப் படங்கள் 8.15-க்குத் தொடங்கும் பழக்கமே இந்தச் செய்தியால் வந்ததுதான்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது என் கதை ஒன்று. 'ஹால்ப் ஆக்ட்' மணிக்குத் தொலைபேசியில் பேசலாம் என்று ஒரு ஜெர்மன் நண்பர் சொன்னார். 'ஹால்ப்' அரை, 'ஆக்ட்' எட்டு. எட்டரைக்கு உற்சாகமாக அழைத்தேன். அவர் ஒரு மணி நேரம் காத்திருந்து ஓய்ந்திருந்தார். 'ஹால்ப் ஆக்ட்' என்றால் எட்டை நோக்கிய பயணத்தில் பாதி, அதாவது ஏழரை. எண்களும் தலைகீழ்: 53 என்பதை 'மூன்றும் ஐம்பதும்' என்றுதான் சொல்வார்கள். செய்தி கேட்கும்போது ஒரு தாளில் எண்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள், பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் செய்தால் கை தானாகத் திரும்பும்.

கதைத் தொடர்களுக்கு வருவோம். ஜெர்மனியில் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் குரல் மாற்றித்தான் காட்டுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசிய சுத்தமான ஜெர்மன் என்பதால், ஏற்கெனவே பார்த்த படத்தை ஜெர்மன் குரலில் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் வசன வரியைப் போட்டால் குரல் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும். இரண்டையும் தனித்தனியே மொழிபெயர்ப்பதால் வரும் வினை. உங்கள் காதில் கோளாறு என்று நினைத்து நொந்துபோகாதீர்கள். குரலும் எழுத்தும் பொருந்த வேண்டுமென்றால் ஜெர்மனிலேயே எடுத்த தொடரைச் செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரியோடு பாருங்கள்.

அப்படிப் பார்க்க வேண்டியது 'டாட்டோர்ட்'. 1970-இலிருந்து ஞாயிறு இரவுகளில் வரும் குற்றப் புலனாய்வுத் தொடர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி அதிகாரிகள். நான் அதில் துப்பைவிட 'நீ', 'நீங்கள்' எங்கே மாறுகிறது என்பதைத்தான் உற்றுக் கேட்பேன். விசாரணை அறையில் 'ஸீ' என்று மரியாதையாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு திடீரென்று 'டு' என்று இறங்கினால், யாரோ யாரையோ முன்பே அறிந்திருக்கிறார்கள் அல்லது யாரோ நிதானம் இழந்துவிட்டார்கள். ஆங்கில வசன வரியில் இந்தச் சரிவு கண்ணிலேயே படாது. தமிழில் நோட்டு எழுதுபவருக்கு அது கன்னத்தில் அறைந்தது போலக் கேட்கும்.

வட்டார வழக்கு வந்தால் கலங்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் எடுக்கும் டாட்டோர்ட் பகுதிகளை ஜெர்மனிக்காகப் பொது ஜெர்மனில் குரல் மாற்றியே ஒளிபரப்புகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியின் பொதுத் தொலைக்காட்சி நிறுவனங்களான ஏஆர்டி, ஸெட்டிஎஃப் நடத்தும் 'மீடியாடேக்' என்ற இணையக் காணொளித் தளங்களில் இருக்கின்றன. செய்திகளும் பல ஆவணப்படங்களும் எந்த நாட்டிலிருந்தும் திறக்கும். படங்கள், தொடர்கள் பல உரிமைச் சிக்கலால் ஜெர்மனிக்கு வெளியே திறப்பதில்லை.

நோட்டும் நாளும்

நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். இருபத்தைந்து நிமிடம் படிப்பது, பத்து நிமிடம் பார்ப்பது, ஐந்து நிமிடம் நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோட்டை மூடிவிட்டு ஒரு முழு நிகழ்ச்சியைச் சும்மா பாருங்கள்.

நோட்டில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். சொல் வந்த வாக்கியத்தை எழுதி, அதற்கு அடியில் தமிழை எழுதுங்கள். அகராதித் தமிழ் அல்ல; அந்த இடத்தில் நீங்கள் உண்மையிலேயே என்ன சொல்லியிருப்பீர்களோ அது. 'கோம் டோக்' என்பதற்கு அடியில் 'தயவுசெய்து வருக' என்று எழுதினால் அன்றைய ஐந்து நிமிடமும் வீண். நாளுக்கு ஐந்து வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் ஜெர்மனைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்து ஜெர்மனைச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, பார்த்த பகுதி ஒன்றின் கதையைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பதிவை அழிக்க வேண்டாம்.

பிடிக்காத புத்தகத்தை முப்பதாம் பக்கத்தில் விட்டுவிடுங்கள். நான் ஒன்பது புத்தகங்களை அப்படி விட்டிருக்கிறேன்.

முன்னேற்றத்தை அளக்கச் சோதனைத் தாள்கள் வேண்டாம். உங்களால் முடியாத ஒரு கடினமான பக்கத்தை இப்போதே தேர்ந்தெடுத்து மூன்று நான்கு படி எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய படியில் தெரியாத சொற்களுக்குக் கோடு போட்டு, மேலே தேதி எழுதுங்கள். என் பக்கம் அந்தப் பழைய காஃப்காதான். முதல் படியில் 58 கோடுகள். சென்ற முறை நான்கு. அதில் ஒன்று முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது: 'உன்கெட்ஸீஃபர்'. கிரேகோர் ஸாம்ஸா விழித்தெழும்போது என்னவாக மாறியிருக்கிறான் என்பதைச் சொல்லும் சொல். பூச்சி என்று எழுதினேன், அடித்தேன். புழு, அடித்தேன். பழைய ஜெர்மனில் பலியிடத் தகாத அசுத்த விலங்கு என்று பொருளாம். இன்னும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.